கஞ்சிக்கு இரண்டு வரிசை

சமாதானம் என்று யாராவது மேடையில் ஏறி ஆரம்பித்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான் வரும். சண்டை வேண்டும் என்று சொல்கிற ஆள் இல்லை நான். சண்டையைக் கண்ணால் பார்த்தவள். அதற்குப் பிறகு எங்கள் பள்ளிக்கூடத்தில் வந்த சமாதானத்தையும் பார்த்தவள். எந்த ஒன்றை நினைத்தால் வயிறு அதிகம் எரிகிறது என்று கேட்டால் உடனே பதில் சொல்ல என்னால் முடியாது.

பாறசாலைக்கும் குன்னத்துகாலுக்கும் இடையில், தமிழ்நாட்டு எல்லைக்குக் கூப்பிடு தூரத்தில், கேரளப் பக்கம் எங்கள் ஊர். ஐந்திலிருந்து பத்து வரை உள்ள பள்ளிக்கூடத்தில் நான் தமிழ் டீச்சர். ஒவ்வொரு வகுப்பிலும் இரண்டு டிவிஷன் உண்டு. ஏ டிவிஷனில் மலையாளத்தில் பாடம், பி டிவிஷனில் தமிழில் பாடம். எந்தப் பிள்ளை எதில் சேரும் என்பதற்குப் பெரிய நியாயம் ஒன்றும் கிடையாது. அண்ணன் படித்த பழைய புத்தகம் வீட்டில் எந்த மொழியில் கிடக்கிறதோ, தம்பி அந்த டிவிஷன். வீட்டில் எல்லோருக்கும் ஒரே பேச்சு. தமிழில் தொடங்குகிற வாக்கியம் மலையாளத்தில் போய் முடியும், அதை யாரும் கவனிப்பதுகூட இல்லை. கோயிலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகளும், எங்களைப் போல் பழைய மிஷன் சபை வீட்டுப் பிள்ளைகளும் இரண்டு டிவிஷனிலும் கலந்து கிடந்தார்கள்.

என் மகளுக்குத் திக்குவாய். எல்லா வார்த்தைக்கும் திக்காது. 'க' வந்தால் போச்சு. கதவு, கண்ணாடி, கடலை, கணக்கு, கர்த்தர், எல்லாம் தொண்டையில் நின்றுவிடும். கண்ணை இறுக மூடி, கழுத்து நரம்பு புடைக்க, அந்த ஒரு எழுத்தை அவள் தள்ளுவதைப் பார்க்க பெற்றவளுக்கு முடியாது. ஞாயிறு வகுப்பில் வசனம் ஒப்பிக்கும்போது நான் வெளியே போய் மாமரத்தடியில் நின்றுகொள்வேன்.

பக்கத்து வீட்டுக்காரியும் நானும் ஒரே மாசத்தில் பெற்றோம். அவளுக்கும் பெண். அவர்கள் கோயில் வீட்டுக்காரர்கள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே மண் சுவர், இங்கே கையாலை என்பார்கள். அதில் ஒரு இடம் மழையில் இடிந்து, பிள்ளைகள் ஏறி ஏறி நல்ல வழியாகவே ஆகிவிட்டது. அந்தப் பிள்ளை பேச ஆரம்பித்த நாளிலிருந்து என் மகளுக்கும் சேர்த்தே பேசினாள். இவள் 'க' என்று நின்றால், அவள் முதுகில் ஒன்று போட்டு, நின்ற வார்த்தையைத் தானே சொல்லிவிடுவாள். அவள் சொன்ன மாத்திரத்தில் இவளுக்கும் அது வந்துவிடும். மிச்சக் கதையை இவளே கடகடவென்று சொல்வாள். எனக்கு இன்றுவரை அது எப்படி என்று புரியவில்லை.

இரண்டும் பி டிவிஷனில் ஒரே பெஞ்சு. மத்தியானம் பள்ளிக்கூடத்தில் கஞ்சியும் செறுபயறும். வரிசையில் என் மகள் தட்டை நீட்டி நிற்பாள். பின்னாலிருந்து அந்தப் பிள்ளையின் குரல் வரும்: "அவளுக்குக் கஞ்சி, பயறு கூடுதல் போடணும், வெள்ளம் கொறச்சு மதி." கூடுதல் பயறு வேண்டுமா, தண்ணீர் கொஞ்சம் போதுமா என்று இவளிடம் ஒருநாளும் கேட்டது கிடையாது. எல்லாக் காரியத்திலும் அப்படித்தான். என் மகளுடைய பின்னலை அவிழ்த்துத் திரும்பப் பின்னுவாள். கணக்கை அழித்துத் திரும்பப் போடுவாள். "இந்தப் பெண்ணுக்குத் தலையிடாத காரியம் ஒண்ணும் இல்லியா?" என்று நான்கூடக் கையாலைப் பக்கம் நின்று சத்தம் போட்டிருக்கிறேன். "இல்ல டீச்சரே" என்று சிரிக்கும்.

பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது அந்தக் கலவரம் நடந்தது, கோயில் வீட்டுக்காரர்களுக்கும் சபை வீட்டுக்காரர்களுக்கும். தொண்ணூறுகளின் ஆரம்பம். எந்த ஊரில், எதில் தொடங்கியது என்பதற்கு இரண்டு பக்கத்திலும் இரண்டு கதை உண்டு. எனக்கு இரண்டும் மனப்பாடம். இரண்டையும் நான் சொல்லப் போவதில்லை. ஊர்வலம் என்றார்கள், மைக் செட் என்றார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் தொடங்கியது இந்தப் பக்கம் வந்தது. கடைகள் எரிந்தன, வீடுகள் எரிந்தன, இரண்டு பக்கத்திலும் ஆட்கள் செத்தார்கள். முந்தின வாரம் ஒரே பஸ்ஸில் தொங்கிக்கொண்டு களியக்காவிளைச் சந்தைக்குப் போனவர்கள்.

முதல் நாள் பொழுது சாய்கிற நேரம் எங்கள் வீட்டை நோக்கி ஒரு கூட்டம் வந்தது. என் வீட்டுக்காரர் கதவைச் சாத்தவா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரி கையாலை இடிந்த இடத்தில் நின்று என் கையைப் பிடித்து இழுத்தாள். "எக்கா, இஞ்ச வா. மிண்டாம வா." எங்கள் மூன்று பேரையும் அவள் அடுக்களையில் உட்கார்த்திவிட்டு, முற்றம் பெருக்குகிற ஈர்க்குமாறோடு வாசலுக்குப் போனாள். "இஞ்ச யாரும் இல்ல. எனக்க முற்றத்துல எவனாவது கால் வச்சா பாத்துக்கோ" என்று அவள் சத்தம் போட்டது எனக்குக் கேட்டது. அவர்கள் எங்கள் மாட்டுத் தொழுவத்தைக் கொளுத்திவிட்டுப் போனார்கள். வீடு தப்பியது. பிள்ளைகள் இரண்டும் அரிசிப் பெட்டிக்குப் பின்னால் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

மறுநாள் அவளுடைய தம்பி, அக்காவுக்கு என்ன ஆச்சோ என்று பார்க்கக் குளத்தூர்ப் பக்கத்திலிருந்து சைக்கிளில் வந்தான். முக்கு திரும்புகிற இடத்தில் வெட்டிப் போட்டார்கள். வெட்டினது எங்கள் ஆட்கள். யார் என்று தெரியாது. கேஸ் நடந்தது, சாட்சி இல்லை, விட்டுவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் எனக்கு முன் பெஞ்சில் உட்கார்ந்து பாட்டுப் பாடுகிறவர்களில் ஒருவனாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அந்த நினைப்போடு எப்படிப் பாடுவது என்று போதகர் சொல்லித் தரவில்லை. கேட்டேன். ஜெபம் பண்ணும்மா என்றார்.

அவன் உடலை அக்கா வீட்டு வளவிலேயே தகனம் செய்தார்கள். முன்பெல்லாம் அந்த வீட்டில் சாவு என்றால் சிதைக்கு மாமரம் வெட்ட முதலில் கோடாலியோடு போகிறவர் என் வீட்டுக்காரர். அன்றைக்கு அவர் கோடாலியை எடுத்துத் திண்டில் வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். யாரும் கூப்பிடவில்லை. மரம் வெட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. என்னைக் காப்பாற்றியவள் அழுகிறாள், நான் போய் அவள் பக்கத்தில் உட்கார முடியவில்லை. இதைவிட ஒரு கேவலம் மனுஷனுக்கு உண்டா என்று எனக்குத் தெரியாது.

அடுத்த வாரம் அவளுடைய புருஷன் கையாலை இடிந்த இடத்தைக் கல்லும் மண்ணும் வைத்து அடைத்தான். பட்டப்பகலில், நிதானமாக, நல்ல நேர்த்தியாக அடைத்தான். நான் நிற்பதைப் பார்த்து, "ரெண்டு கூட்டருக்கும் நல்லதாக்கும், டீச்சரே" என்றான். அவன் சொன்னதில் கோபமே இல்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

பள்ளிக்கூடத்தில் கொஞ்ச நாள் போலீஸ் தங்கியிருந்தது. அவர்கள் போன பிறகு திறந்தோம். முதல் வாரமே பெரிய வகுப்புப் பையன்கள் கல்லெடுத்தார்கள். ஒருத்தனுக்கு நெற்றி கிழிந்தது. மறுநாள் இரண்டு பக்கத்துத் தகப்பன்மார்களும் வந்து முற்றத்தில் நின்றார்கள். ஆர்.டி.ஓ. வந்தார், சமாதானக் கமிட்டி கூடியது. எங்கள் போதகர், கோயில் கமிட்டித் தலைவர், பஞ்சாயத்து மெம்பர் எல்லோரும் ஒரே வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நாரங்கா வெள்ளம், எலுமிச்சைத் தண்ணீர்தான், குடித்தார்கள். எங்கள் பிள்ளைகளை அவர்கள் பிள்ளைகளோடு ஒரு பெஞ்சில் வைக்காதீர்கள் என்பதுதான் இரண்டு பக்கமும் கேட்டது.

எங்கள் ஹெட்மாஸ்டர் நெய்யாற்றின்கரைக்கு அந்தப் பக்கத்து மனிதர். சாரை இங்கே சாறு என்போம். பிரம்பைக் கையால் தொடாதவர். அவரைக் குறை சொல்ல எனக்கு இன்றும் மனசு வராது. அவர்தான் அந்த வழியைக் கண்டுபிடித்தார். இரண்டு டிவிஷன் தயாராக இருக்கிறதே! கோயில் வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் ஏ டிவிஷனுக்குப் போகட்டும். சபை வீட்டுப் பிள்ளைகளுக்கு வேதப்புத்தகமும் பாட்டும் தமிழ்தானே, அவர்கள் பி டிவிஷனில் இருக்கட்டும். பிள்ளைகளுக்கு இரண்டு மொழியும் தெரியும், ஒரு நஷ்டமும் இல்லை. எல்லோரும் கை தட்டினார்கள். உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரனுக்கும் இப்படி ஒரு யோசனை வராது. இரண்டு மொழி கையில் வைத்திருக்கிறவனுக்குத்தான் வரும்.

நான் ஆபீஸ் ரூமுக்குள் போய் நின்று கத்தினேன். "சாறே, இது பள்ளிக்கூடமா கோழிக்கூடா? வகை பிரிச்சு அடைக்கியதுக்கு?"

"டீச்சரே, ஒரு டேர்ம். ஒற்ற டேர்ம் மாத்ரம். சூடு ஒண்ணு ஆறட்டே."

"பிள்ளைங்க ஒண்ணா இருந்தாத்தான் சாறே சூடு ஆறும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாளெ ஒரு குட்டி செத்துப்போயால், டீச்சர் உத்தரம் பறயுமோ?"

பிள்ளை செத்தால் நான் பொறுப்புச் சொல்வேனா என்று கேட்கிறார். என்னை ஊரில் வாயாடி என்பார்கள். அன்றைக்கு அந்த ஒரு கேள்வியோடு வெளியே வந்துவிட்டேன். கிழிந்த நெற்றியை நானும்தானே பஞ்சு வைத்துத் துடைத்தேன்.

அத்தோடு விட்டாரா? காலை அசெம்பிளியில் உறுதிமொழிக்குப் பிறகு சொல்ல இரண்டு வரி எழுதினார். மற்றவரைப் புண்படுத்த மாட்டேன், மற்றவர் காரியத்தில் தலையிட மாட்டேன். ஏ டிவிஷன் மலையாளத்தில் சொல்லும், பி டிவிஷன் தமிழில் சொல்லும். சாறு ஒவ்வொரு வகுப்பாக வந்து விளக்கினார். அவர்கள் கூட்டத்தில் யாராவது விழுந்தால் அவர்கள் டீச்சர் தூக்குவார். நீங்கள் போக வேண்டாம், நல்ல எண்ணத்தோடு போனாலும் அது வம்பாக முடியும். கஞ்சிக்கும் இரண்டு வரிசை. அண்டா ஒன்றுதான், அதற்கு அந்தப் பக்கம் ஒரு வரிசை, இந்தப் பக்கம் ஒரு வரிசை.

முதல் நாள் நான் வராந்தாவில் நின்று பார்த்தேன். என் மகள் தட்டை நீட்டினாள். வாயைத் திறந்தாள். "க... க... க..." பின்னால் நின்ற பையன்கள் காக்காய் போலக் கத்திச் சிரித்தார்கள். எங்கள் சபைப் பையன்கள்தான், வேறு யாருமில்லை. அண்டாவுக்கு அந்தப் பக்கம் அந்தப் பிள்ளை நின்றது. கையை நீட்டினால் இவள் முதுகு எட்டும். அது வாயைத் திறந்ததை நான் பார்த்தேன். உடனே தன் டீச்சரைத் திரும்பிப் பார்த்து, வாயை மூடிக்கொண்டது. என் மகள் தட்டைத் தரையில் வைத்துவிட்டு வகுப்புக்கு வந்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் கஞ்சி வாங்கப் போகவே இல்லை.

வீட்டிலிருந்து சோறு கொடுத்து அனுப்பினேன். சோறு இல்லாததா பிரச்சினை? அவள் வகுப்பில் பேசுவதை நிறுத்தினாள். நான் ஆஜர் எடுக்கும்போது கையை மட்டும் தூக்குவாள். வீட்டில் 'க' வராத வார்த்தையாகப் பார்த்துப் பேசினாள். பிறகு அதையும் குறைத்தாள். எனக்கு ஊர்ச் சமாதானம், உலகச் சமாதானம் ஒன்றும் வேண்டாம். அந்த இரண்டு பிள்ளைகளும் திரும்ப ஒரு பெஞ்சில் உட்கார வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்டது. அதற்கு எங்கே போய் மனு கொடுப்பது?

ஒருநாள் வராந்தாவில் அந்தப் பிள்ளையைத் தனியே பிடித்தேன். "எனக்க மக்கா, அவளுக்கு ஒரு வார்த்த எடுத்துக் குடுக்கப்பிடாதா?"

"சாறு பறஞ்சது கேக்கல்லியா டீச்சர்? அவங்க காரியத்துல நாங்க தலையிடப்பிடாது."

சொல்லிவிட்டுத் தன் கால் விரலையே பார்த்துக்கொண்டு நின்றது. பத்து வயசுப் பிள்ளை. 'அவங்க' என்று யாரைச் சொல்கிறது? அரிசிப் பெட்டிக்குப் பின்னால் கட்டிக்கொண்டு உட்கார்ந்தவளையா? எனக்குத் திட்டவும் வரவில்லை, அணைக்கவும் பயம். யாராவது பார்த்தால் அந்தப் பிள்ளைக்குத்தானே பேச்சு. போ என்றேன்.

அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டுக்குப் போனேன். பக்கத்து வீடு, ஆனால் ரோடு சுற்றிப் போனேன், கையாலைதான் அடைத்தாயிற்றே. அவள் நாற்காலி எடுத்துப் போட்டாள். "இரியுங்க டீச்சர். டீ எடுக்கட்டா?" என்றாள். முன்பென்றால், "எக்கா, இந்தத் தேங்காய ஒண்ணு துருவு, எனக்கக் கை வலிக்குது" என்று என்னை அடுக்களைக்குள் இழுத்திருப்பாள். இப்போது எனக்கு நாற்காலி, டீ. எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் கேட்டேன். பிள்ளைகள் சாயங்காலம் கொஞ்ச நேரம் சேர்ந்து இருக்கட்டுமே, என் மகளுக்குப் பேச்சே போய்க்கொண்டிருக்கிறது என்றேன்.

அவள் டீயை எடுத்து வந்து என் கையில் தந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "எக்கா, எனக்கு உங்கள்ட்ட ஒரு வெறுப்பும் இல்ல. சத்தியமாட்டு இல்ல. எனக்கு உங்கள அறியும். ஆனா அவன் எனக்குத் தம்பியாக்கும். அவன் என்னெப் பாக்க வந்து செத்தான். எனக்க ஆளுங்க என்ன சொல்லுது தெரியுமா? நீ அவங்கள ஒளிச்சு வச்சே, அவங்க உனக்க தம்பிய வெட்டினாங்கன்னு. இனி எனக்க பிள்ளையும் அந்த வீட்டுல ஏறி எறங்கினா நான் இஞ்ச எப்படி நடக்கும்?"

நான் டீயைக் குடித்தேன். சர்க்கரை சரியாகப் போட்டிருந்தாள், எனக்கு எவ்வளவு என்று அவளுக்கு மறக்கவில்லை. என்ன பதில் சொல்வது? வெட்டினது நான் இல்லை என்றா? அது அவளுக்குத் தெரியாதா? "வாறேன் பிள்ளே" என்று எழுந்து வந்துவிட்டேன். ரோட்டில் நடந்து வரும்போது அழுதேன். அவளைக் குறை சொல்ல ஒரு வார்த்தை கிடைத்திருந்தால் அழுதிருக்க மாட்டேன்.

மகளைத் திருவனந்தபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டினோம். நல்ல மனுஷி. வாய்ப் பயிற்சி எல்லாம் சொல்லிக் கொடுத்தார். கண்ணாடி முன்னால் நின்று பேச வேண்டும், பாட்டுப் போல இழுத்துப் பேச வேண்டும். கடைசியாக, பெரியவர்களோடு பேசிப் பயன் இல்லை, பயமில்லாமல் பேசுகிற ஒரு பிள்ளையோடு தினமும் பேசவிடுங்கள் என்றார். "மோளுக்குக் கூட்டுகாரி உண்டோ?" என்று கேட்டார். மகள் என்னைப் பார்த்தாள். நான் "உண்டு" என்றேன். வேறு என்ன சொல்ல? 

ஒரு டேர்ம் என்றது ஒரு வருஷமானது. ஒவ்வொரு ஜூன் மாசமும் பள்ளி திறக்கும்போது நான் போய்க் கேட்பேன். "சாறே, சூடு ஆறல்லியா?" அவர் தலையைச் சொறிவார். இப்போது அமைதியாக இருக்கிறது, எதற்குக் கலக்க வேண்டும் என்பார். ஒரு வருஷம் அவருக்கே மனசு கேட்காமல் பி.டி.ஏ. கூட்டத்தில் சொல்லிப் பார்த்தார். வேண்டவே வேண்டாம் என்று எல்லோரும் எழுந்து நின்றார்கள். கலவரத்துக்குப் பிறகு இரண்டு கூட்டமும் ஒருமனதாக எடுத்த இரண்டாவது தீர்மானம் அது. நல்ல கூத்து.

கொஞ்ச காலத்தில் எல்லோருக்கும் அது பழகிவிட்டது. கீழ் வகுப்பில் புதிதாகச் சேர வருகிற தகப்பன்மார், "நம்ம டிவிஷன் எதுவாக்கும்?" என்றுதான் கேட்டார்கள். ஏ அவர்களுடையது, பி எங்களுடையது, ஏதோ ஆதியிலிருந்தே அப்படி என்பது போல. சண்டை இல்லை, கல் இல்லை, கெட்ட வார்த்தைகூட இல்லை. வழியில் பார்த்தால் சிரிப்பார்கள், விலகி வழி விடுவார்கள். கல்வி ஆபீஸிலிருந்து வந்தவர்கள் கஞ்சி அண்டாவின் இரண்டு பக்கமும் சத்தமில்லாமல் நிற்கிற வரிசையைப் பார்த்து, "எந்தொரு அச்சடக்கம்!" என்று மெச்சினார்கள். ஒழுங்குதான், அடக்கம்தான். எனக்கு அந்த அண்டாவைத் தூக்கிக் கவிழ்க்கலாம் போல இருக்கும்.

அந்தப் பிள்ளை வளர்ந்தது. ஏ டிவிஷனில் முதல் மார்க் அதற்குத்தான். அதற்கு 'அ' எழுதக் கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தவள் நான். ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் தமிழ் போர்டு ஒன்றை எழுத்துக் கூட்டி நிதானமாகப் படித்துக்கொண்டிருந்தது, வெளியூர்க்காரர் படிப்பதைப் போல. என்னைப் பார்த்ததும் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்து நின்று, "நமஸ்காரம் டீச்சர்" என்றது. எவ்வளவு மரியாதை! என் சேலைத் தலைப்பில் மூக்கைத் துடைத்த பிள்ளை.

அவர்கள் பத்தாம் வகுப்பில் இருக்கும்போது ஹெட்மாஸ்டர் ஓய்வு பெற்றார். அவருக்கு வழியனுப்பு விழாவும், பள்ளிக்கூடத்துக்குப் பாராட்டு விழாவும் சேர்த்து வைத்தார்கள். சமாதானக் கமிட்டிக்குப் பிறகு தாலுகாவிலேயே ஒரு சின்னச் சண்டைகூட வராத பள்ளிக்கூடம் என்று பாராட்டு. டிவிஷனுக்கு ஒரு பிள்ளை மேடையில் பக்கத்தில் பக்கத்தில் நின்று பேச வேண்டும் என்று ஏற்பாடு. ஏ டிவிஷனில் அந்தப் பிள்ளை என்பது கேட்காமலே முடிவாயிற்று. பி டிவிஷனில் யார் என்று கேட்டபோது என் மகள் கையைத் தூக்கினாளாம்.

வீட்டில் நான் பதறிப்போனேன். "உனக்குப் பைத்தியமா பிள்ளே? ஊரே இருக்கும். வேற யாராவது பேசட்டு."

அவள் தோசையைப் பிய்த்துக்கொண்டே சொன்னாள். "நான் சொல்லுவேன் அம்மெ. அவ பக்கத்துல நிப்பா இல்லியா?"

வருஷக் கணக்காக அவள் இதற்காகத்தான் காத்திருந்தாள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவளே எழுதினாள், நாலே வரி. கிணற்றடியில் நின்று சொல்லிப் பார்ப்பாள். கையாலைக்கு அந்தப் பக்கம் கேட்கட்டும் என்றே அங்கே நின்றாளோ என்னவோ. கடைசி வரி, 'இவள் எனக்குக் கூட்டுகாரி.' சினேகிதி என்று போடேன், உனக்கு லேசாக வரும் என்றேன். மாட்டேன் என்றாள். நாங்கள் பேசுகிற வார்த்தை அதுதான் என்றாள்.

விழா அன்று மைதானத்தில் பந்தல். இடது பக்கம் அவர்கள், வலது பக்கம் நாங்கள், யாரும் சொல்லாமலே. பக்கத்து வீட்டுக்காரி மூன்றாவது வரிசையில் இருந்தாள். பிள்ளைகள் இரண்டும் மேடை ஏறின. ஒரே மைக். அந்தப் பிள்ளை முதலில் மலையாளத்தில் பேசியது, தண்ணீர் ஓடுகிற மாதிரி. கை தட்டினார்கள். அது ஒரு அடி விலகி நின்று என் மகளுக்கு மைக்கை விட்டது.

முதல் மூன்று வரியும் நன்றாகப் போயின. நாலாவது வரிக்கு அவள் திரும்பி அந்தப் பிள்ளையைப் பார்த்தாள். "இவள் எனக்குக் கூ..." நின்றுவிட்டது. "கூ... கூ..." கண்ணை மூடினாள். கழுத்து நரம்பு புடைத்தது. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை, அவ்வளவு நன்றாகப் பழக்கி வைத்திருந்தோம். என் மகள் கண்ணைத் திறந்து மறுபடியும் அந்தப் பிள்ளையைப் பார்த்தாள். என் வாய் தானாக அந்த வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தது. இடது பக்கம் திரும்பினேன். பக்கத்து வீட்டுக்காரியின் வாயும் அசைந்துகொண்டிருந்தது. சொல்லு பிள்ளே, முதுகில் ஒன்று போட்டுச் சொல்லித் தொலையேன்! கையை நீட்டினால் எட்டும்.

அந்தப் பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு, தலையைக் கொஞ்சம் குனிந்து, பொறுமையாகக் காத்து நின்றது.

என் மகள் இன்னும் ஒரு தடவை முயன்றாள். பிறகு கையைக் கூப்பிக் கும்பிட்டுவிட்டு நகர்ந்தாள். கை தட்டல் அடங்க நேரமாயிற்று. பிறகு பேச வந்த பெரிய மனிதர், ஒரு குட்டி தடுமாறியபோது மற்றக் குட்டி இடையில் நுழையாமல் எவ்வளவு மரியாதையோடு நின்றது பார்த்தீர்களா, இதுதான் நாடு முழுக்க வேண்டிய பாடம் என்றார். ஹெட்மாஸ்டர் சாறு கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். நான் எழுந்து கத்தியிருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. யாரைப் பார்த்துக் கத்துவது? பந்தலில் கெட்டவர் ஒருவர்கூட இல்லை.

வீட்டுக்கு வந்து மகள் முகம் கழுவினாள். அடுக்களை வாசலில் வந்து நின்றாள். சரளமாகத்தான் கேட்டாள், திக்கவே இல்லை.

"அம்மெ, அவளுக்கு அந்த வார்த்த மறந்துபோச்சோ?"

அடுப்பில் சோறு பொங்கிக்கொண்டிருந்தது. மூடியைத் திறந்து வைத்தேன். மறந்துவிட்டது என்று சொன்னால் ஒரு வேதனை. மறக்கவில்லை என்று சொன்னால் அதைவிட வேதனை.

"அவ நல்ல பிள்ளையாக்கும் மக்கா," என்றேன். "நாங்க சொல்லிக் குடுத்தத அப்படியே செய்தா."